பேர் சொல்லாமல் பம்பாய்க்கு ஒரு டிரங்க் கால்

என் மருமகன் வேலை பார்க்கும் மில்லில், மாற்றி யோசிப்பது எப்படி என்று பாடம் நடத்த ஒருவரைக் கூட்டி வந்தார்களாம். கோட்டு போட்டவர். ஒரு வழி அடைத்திருந்தால் இன்னொரு வழி தேட வேண்டும் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொன்னாராம். நடுவில் பிரியாணி. மருமகன் வந்து அதை எனக்கு விளக்கினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். மருமகன் அல்லவா, முகத்துக்கு நேராகச் சிரிக்கக் கூடாது. அவர் கைகழுவப் போன பிறகு சிரித்தேன்.

நான் மூன்றாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவள். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் வாயைத் திறந்த போதெல்லாம் மாற்றி யோசித்தே காலம் தள்ளியவள். யோசனையை எங்கள் பக்கம் ரோசனை என்போம், வீட்டை ஊடு என்போம். ரோசனை இல்லாமல் என் மாமியார் ஊட்டில் ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியாது.

காரணம், பேர். கட்டியவர் பேரைச் சம்சாரம் சொல்லக் கூடாது. மாமனார் பேர், அவர் அண்ணன் தம்பி பேர், அதுவும் கூடாது. இது ஊருக்கெல்லாம் இருந்த வழக்கம்தான். எங்கள் ஊட்டில் அதற்கு மேலும் ஒரு படி. அந்தப் பேரைப் போலக் காதில் விழும் சொல்லும் ஆகாது. மாமனாரின் அண்ணன் பேர் ஓர் ஊரின் பேர். அந்த ஊருக்குப் பஸ்ஸில் போக வேண்டுமானால், அதற்கு அடுத்த ஊருக்கு டிக்கெட் வாங்கி முன்னாலேயே இறங்கிக்கொள்வோம். "உங்க ஊரு இன்னும் வரலீங்கம்மா, உக்காருங்க" என்று கண்டக்டர் கத்துவார். "நடந்து போனா ஒடம்புக்கு நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்குவோம்.

என் ஊட்டுக்காரர் பேர் இதைவிட வம்பு. பின்பாதி, எங்கள் பக்கம் பெரியவரையும் கைக்குழந்தையையும் ஒரே மாதிரி ஆசையாகக் கூப்பிடும் சொல். கோயிலுக்குள் இருப்பவருக்கும் அதே சொல்தான். ஊரே நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவதை நான் ஒரு தடவை சொல்ல முடியாது. பெற்ற குழந்தையைக் கண்ணு என்பேன். கோயிலில் போய் நின்று, "உள்ள இருக்கறவரே, காப்பாத்துங்க" என்பேன். அவரும் கோபித்துக்கொள்ளாமல் காப்பாற்றினார். முன்பாதியை இங்கேயும் எழுத மாட்டேன். எழுதினால் சொன்ன மாதிரிதான்.

பெற்றவளாவது சொல்லலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் கூத்து. மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பேர் வைப்பது முறை. ஆக, மகனுக்கு வைத்திருந்தது என் மாமியாருக்கு மாமனார் பேர். சுமந்து பெற்றவரும் 'பெரியவன்' என்றுதான் கூப்பிட்டார். மாமியாரும் மருமகளும் வேறு எதில் ஒற்றுமையோ இல்லையோ, இதில் ஒற்றுமை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊட்டுக்காரர் சொந்தமாக ஒரு லாரி வாங்கி, தானே ஓட்டினார். சேலத்துச் சவ்வரிசியை ஏற்றிக்கொண்டு பம்பாய் போவார். அங்கே கிடைத்த லோடை ஏற்றிக்கொண்டு டெல்லியோ கல்கத்தாவோ போவார். போனால் வருவது மாதக் கணக்கு. மாமனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஊட்டில் நான், இன்னும் பேச்சு வராத என் கைக்குழந்தை, மாமியார், கல்யாணமாகாத நாத்தனார்.

நாத்தனாருக்கு வயது ஏறிக்கொண்டே போனது. ஆள் நெட்டை, வாய் அதைவிட நீளம். பார்க்க வந்தவர்கள் பலகாரத்தை ஒரு கை பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்பார்கள். தபால்காரர் எங்கள் சந்துக்குள் திரும்பியதே இல்லை. கடைசியில் மோகனூர்ப் பக்கம் கரும்பு வெள்ளாமைக்காரர் குடும்பம் ஒன்று சரி என்றது. அவர்களும் எடுத்ததற்கெல்லாம் முகம் சுளிக்கிறவர்கள். "புள்ளைக்கு அண்ணன் லாரியிலயே குடியிருக்கறாராட்ட இருக்குது" என்று ஏற்கனவே ஒரு சொல் விழுந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆள் அனுப்பினார்கள். மாப்பிள்ளை ஊட்டில் ஒரு கிழவி இழுத்துக்கொண்டு கிடக்கிறார். போய்விட்டால் ஒரு வருசத்துக்கு நல்ல காரியம் இல்லை. அதனால் வருகிற வெள்ளிக்கிழமையே நிச்சயம். தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அண்ணன்தான் உட்கார்ந்து வெற்றிலை பாக்கு மாற்ற வேண்டும். அண்ணன் பம்பாயில். டெல்லி லோடு ஏற்றிவிட்டால் தீர்ந்தது, இந்த இடமும் போய்விடும். நாத்தனார் எங்களோடேயே இருந்து கிழவியாவாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளோடு ஒரே அடுப்பில் சமைக்கிறவள், எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும்.

திங்கட்கிழமை நானும் மாமியாரும் டிரங்க் கால் போட நாமக்கல் தபாலாபீசுக்குக் கிளம்பினோம். லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் பம்பாய் புக்கிங் ஆபீஸின் நம்பர் சுவரில் தொங்கிய காலண்டரில் அச்சடித்திருந்தது. அதையே சுருட்டி எடுத்துக்கொண்டோம். நாத்தனார், "நானும் வாரேன்" என்று செருப்பைப் போட்டாள்.

"நிச்சயம் பேசுன புள்ளை, போஸ்டாபீசுல நின்னு ஊரு கேக்கக் கத்துவியா? உள்ள போடி" என்று மாமியார் கதவைச் சாத்தினார்.

கம்பிச் சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். அதுதான் கெட்டது. எங்கள் பக்கத்து முறை அவருக்குத் தெரியாது.

"பம்பாய்ல யாரைக் கூப்பிடணும்? பேர் சொல்லுங்க."

"எம் மவனைங்க" என்றார் மாமியார்.

"மகன் பேரு?"

"எங்க மாமனாரு பேருங்க."

"சரி, மாமனார் பேரு என்ன?"

"அதைத்தானுங்க சொல்லக் கூடாது."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்கம்மா."

"எங்க ஊட்டுக்காரரு பேருங்க."

"அதைத்தாம்மா நானும் கேக்கறேன்."

"அதனாலதானுங்க நானும் சொல்ல முடியல."

பின்னால் வரிசை நீண்டது. நாமக்கல் ஆட்களுக்கு இது பழகிய விளையாட்டு. தங்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். பின்பாதிக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினேன். சட்டென்று புரிந்துகொண்டார்கள். முன்பாதிக்கு மாமியார் காதைத் தொட்டார், மூக்கைத் தொட்டார், கழுத்தைத் தடவினார்.

"காது மூக்கு தொண்டைங்களா? பெரியாஸ்பத்திரி அந்தப் பக்கமுங்க" என்றார் ஒரு கோழிப்பண்ணைக்காரர்.

"யோவ், கழுத்துல போடறதைக் காட்டறாங்க. கயிறுங்களா?"

"கயிறுன்னு எவனாச்சும் புள்ளைக்குப் பேரு வெப்பானாய்யா?"

ஒரு பெரியவர் மலைக்கு ஒருவராக எல்லாத் தெய்வங்களையும் வரிசையாக அழைத்துப் பார்த்தார். ஒருவரும் பொருந்தி வரவில்லை. கடைசியில் ஒரு ஜவுளிக்கடை பாய், "நகையைக் காட்டறீங்க. சரி, நகையை எதுல செய்வாங்க?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு, முழுப் பேரையும் போட்டு உடைத்தார். நாங்கள் இருவரும் தலையை ஆட்டினோம். தலையை ஆட்டத் தடையில்லை. பாய்க்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை.

தஞ்சாவூர்க்காரர் எழுதிக்கொண்டே, "இந்தப் பாடு படறதுக்கு வேற பேரா வெச்சிருக்கலாமேம்மா" என்றார்.

"வெக்கறப்ப எங்களை யாருங்க கேட்டாங்க?" என்றார் மாமியார்.

சாயங்காலம்தான் லைன் கிடைத்தது. பேசுவதற்கு மூன்று நிமிசம். மூத்தவர் என்று ரிசீவரை மாமியாரிடம் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்தார். திருப்பிக் கொடுத்தேன். பம்பாயில் யாரோ எங்கள் ஊட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கூவுவது எனக்கே கேட்டது. ஒரு குரல் வந்து அலோ என்றது.

"ஏம்ப்பா பெரியவனே, வெள்ளிக்கிழமை உன்ற தங்கச்சிக்கு நிச்சயம். போட்டது போட்டபடி கெளம்பி வா!"

"எனக்குத் தங்கச்சியே இல்லீங்களே."

"பம்பாய்க்குப் போனதும் கூடப் பொறந்தவ இல்லைன்னு ஆயிருச்சா?"

"நெசமாவே இல்லீங்கம்மா. எங்க ஊட்டுல எல்லாம் பசங்கதானுங்க. நீங்க யாருங்க பேசறது?"

"பெத்தவளைப் பாத்து யாருன்னு கேக்கறியேடா, பாவி!"

மாமியார் அழ ஆரம்பித்தார். ரிசீவரைப் பிடுங்கிக் கேட்டால், அந்த ஆள் ராசிபுரத்துக்காரர். அதே பேர். எங்கள் பக்கத்து லாரிக்காரர்களில் பாதிப் பேருக்கு அதே பேர்தான். அன்றைக்கு அந்த ஆபீஸ் வாசலிலேயே இன்னும் சிலர் அதே பேரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம். "உங்களுக்கு அதுல எந்த ஆளுங்க வேணும்?" என்று கேட்டார்.

காலையிலிருந்து ஒரு தபாலாபீசே மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த பேர் அங்கே காலணாவுக்கு ஆகவில்லை. லாரி நம்பர் எனக்குத் தெரியாது. தஞ்சாவூர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விரலை ஆட்டினார். பேர் வேண்டாம், ஆளைச் சொல்லுவோம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"ஒருத்தரு தும்முவாருங்க. தும்முனா பக்கத்து ஊட்டு மாடு கயித்தை அத்துக்கிட்டு ஓடும். தும்மி முடிச்சுட்டு, நீ எதுக்குத் தும்முனேங்கற மாதிரி பக்கத்துல இருக்கறவங்களை மொறைப்பாருங்க."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அட, நம்ம தும்மல்காரருங்களா! டயரு பாத்துட்டு இருக்கறாருங்க. டெல்லி லோடு பேசிட்டாராட்ட இருக்குது."

"ஏத்த வேண்டாம்னு சொல்லுங்க, ஓடுங்க!"

அவர் ஓடினாரா, லைன்தான் போய்விட்டதா, தெரியவில்லை. கொர் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. வியாழக்கிழமை பொழுது சாயும் வரை மாமியார் வாசலிலேயே நின்றார். நாத்தனார் யாரிடமும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த மூன்று நாள்தான்.

இருட்டுகிற நேரத்தில் நாசிக் வெங்காயத்தோடு லாரி வந்து நின்றது. இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பம்பாய் வரைக்கும் எனக்குத் தும்மல்காரன்னு பேரு வாங்கிக் குடுத்திருக்கறயா?"

"அந்தப் பேரைப் பம்பாய்தானுங்க எனக்குச் சொல்லுச்சு" என்றேன். கட்டியவரைக் கூப்பிட எனக்கும் ஒரு பேர் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோசம். அவர் முகத்தில் அது இல்லை.

வெள்ளிக்கிழமை காலை. வாசலில் மாப்பிள்ளை ஊட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சமையல் கட்டில் மாமியார் வடை சுட்டுக்கொண்டே, தானே போனில் பேசி மகனை வரவழைத்ததை உறவுக்காரிகளிடம் விவரித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் இளம்பிள்ளை ஊர்த் தறிச் சேலை கட்டிக்கொண்டு தயாராக வந்து நின்றாள். அண்ணன் சம்சாரத்தை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவார்கள்.

"ஏனுங்க நங்கை, எங்கண்ணன் பேரை நான் சொன்னா ஏதாச்சும் தோசமுங்களா?"

"தங்கச்சிக்கு என்ன தோசம்? நீ தாராளமா..." என்று சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"அப்ப என்னைய எதுக்குங்க ஊட்டுல வெச்சுக் கதவைச் சாத்திட்டுப் போனீங்க?"

நான் மாமியாரைப் பார்த்தேன். மாமியார் வாணலியைப் பார்த்தார். அந்தப் பேரைச் சொல்லத் தடையில்லாத ஒரே வாயை ஊட்டில் விட்டுவிட்டுத்தான் நாங்கள் நாமக்கல்லில் காதையும் மூக்கையும் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறோம். ஆனால் மாமியார் லேசுப்பட்டவர் இல்லை.

"நீ வந்து சொல்லியிருந்தாலும் அந்த ராசிபுரத்துக்காரன்தாண்டி வந்திருப்பான்!"

"வந்தா வந்துட்டுப் போறாரு. கொரலு எப்படிங்க இருந்துது?"

மாமியார் கரண்டியை ஓங்கினார். அதற்குள் வாசலிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் போய் நின்றாள். பிள்ளைக்குச் சிரித்த முகம் என்று மோகனூர்க்காரர்கள் மெச்சினார்கள். அண்ணன் உட்கார்ந்து வெற்றிலை பாக்கு மாற்றினார். தை மாதம் கல்யாணம். இழுத்துக்கொண்டு கிடந்த கிழவி எழுந்து வந்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டு, அப்புறமும் நெடுங்காலம் இருந்து எல்லாரையும் அதட்டினார்.

நாத்தனார் போன இடத்தில் அந்தத் தடையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. தன் ஊட்டுக்காரரைச் சந்தையில் நின்றுகூடப் பேர் சொல்லியே கூப்பிடுகிறாள். ஒரே கூப்பாட்டில் திரும்பிப் பார்க்கிறாராம், பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அந்தக் கூப்பாட்டுக்குச் சந்தையில் இன்னும் எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.