கோல்ட் பிளக்

போன கிழமை பேத்தியின் மாப்பிள்ளை புதுக் கார் ஒன்றைக் கொண்டுவந்து வளவுக்குள் நிறுத்தினார். கோழிகள் பறந்த பிறகுதான் கார் வந்ததே எனக்குத் தெரியும். சத்தமே இல்லை. ஆள் இறந்த ஜனாஸா வீட்டுக்கு வந்தவர் மாதிரி வந்து நிற்கிறது.

"இதுக்குப் பிளக் எங்க இருக்கு மகன்?" என்று கேட்டேன். எனக்கும் கார் தெரியும் என்று காட்டவேண்டாமா? அவர் பின்னால் போய், சுருட்டி வைத்திருந்த தடித்த வயர் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இதுதான் பிளக், உம்மம்மா. சுவர்ல குத்தினாச் சரி."

முன்பக்கம் குனிந்து மணந்து பார்த்தேன். பெற்றோல் வாசம் இல்லை. புதுச் செருப்புக் கடை வாசம்தான் வந்தது. சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

குறிஞ்சிப்பிட்டியில் இதே வீட்டில் ஒரு காலம் கருவாட்டு வாசமும் பெற்றோல் வாசமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். கருவாடு என்னுடையது. பெற்றோல் என் மகன் நிஸ்தாருடையது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுதுவேன். ஆனால் நெத்தலி காயப்போட்டு விற்றே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினேன். எவரிடமும் கை நீட்டவில்லை. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், நிஸ்தார் வாங்கிய அந்த வெள்ளை ஜப்பான் காரில் பாதி என் நெத்தலி.

அது டர்போ கார். டர்போ என்றால் எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான். அடம்பிடிக்கிற பிள்ளையின் மூக்கைப் பிடித்துக் கசாயம் பருக்குவோமே, அதுபோல. அது திணித்தது போதாது என்று நிஸ்தார் இன்னும் கூட்டினான். பூஸ்ட் கூட்டுவது என்பான். கூட்டிய நாளிலிருந்து கார் வேகம் எடுக்கும்போதெல்லாம் இருமியது.

"காத்து நெருப்புப் பொறிய ஊதி அணைக்குது உம்மா," என்றான்.

இது எனக்கு உடனே விளங்கியது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் கரையில் அடுப்பு மூட்டிய எவளுக்கும் விளங்கும். நெருப்புக்குச்சியை உள்ளங்கைக்குள் நெருக்கிப் பொத்தவேண்டும். அவனும் அதைத்தான் செய்தான். பிளக்கின் நுனியில் பொறி பாய்கிற இடைவெளிக்குள் மெல்லிய தகடு ஒன்றைச் சொருகிப் பார்த்துப் பார்த்து நெருக்கினான். இருமல் நின்றது.

ஆனால் வேறொரு கவலை வந்தது. ஓட்டிவிட்டு வந்து பிளக்குகளைக் கழற்றி என் ரொட்டித் தட்டில் நிரையாக வைப்பான். ஏசினால், "நிறத்தப் பாருங்க உம்மா," என்பான். "தேத்தண்ணி நிறம் எண்டா நல்லம். இது சுண்ணாம்பாட்டம் வெளுத்துக் கிடக்கு. எஞ்சின் உள்ள வேகுது."

என் மருமகன் பலீல், மகளின் புருசன், அவனைச் சும்மா விடமாட்டார். இருவருக்கும் ஒரே வயது, ஒரே பீங்கானில் சாப்பிடுகிற கூட்டு. "மச்சான், நீ பொண்ணு பாக்கப் போனாலும் பல்லு தேத்தண்ணி நிறமா எண்டுதான் பாப்பாய்."

"உன்ன மாப்பிள்ள பாத்தாங்களே, அப்ப ஆரும் நிறம் பாக்கல்ல, அதுதான் பிழை!"

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்புக்கு அடியில் ஒரு பயம் கிடந்தது. நிஸ்தாருக்குக் கட்டார் விசா வந்துவிட்டது. அவனுக்குப் போக விருப்பமில்லை. எனக்கு அவனைவிட இல்லை. அவனுக்கு ஒரே ஒரு வழிதான் திறந்திருந்தது. நீர்கொழும்பில் வேகக் கார்கள் செய்கிற கராஜ் ஒன்று. அதன் பாஸ் (மெக்கானிக்கை நாங்கள் பாஸ் என்போம்) ஒரு சிங்கள மனுசன், தங்கமான ஆள். வெள்ளிக்கிழமை பக்கத்தில் கண்டக்குழிக்கு வருவதாகவும், நிஸ்தார் செய்த எஞ்சினில் பாலாவி வரைக்கும் ஏறிப் பார்ப்பதாகவும், எஞ்சின் தாங்கினால் அவனை வேலைக்கு எடுப்பதாகவும் சொல்லியிருந்தார். நீர்கொழும்பு என்றால் கிழமைக்கு ஒருதரம் வீட்டுக்கு வந்து என் கையால் தின்னலாம். கட்டார் அப்படியா?

பிளக் வெளுக்கிறது என்று நிஸ்தார் அந்தப் பாஸுக்குச் சொல்லி வைத்தான். அவர் திருப்பிக் கோல் எடுத்தபோது இவன் காருக்கு அடியில் கிடந்தான். பலீல்தான் போனில் பேசினார்.

"பாஸ் சொல்றார், கோல்ட் பிளக் போடட்டாம்."

"கோல்டா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"ஓம் மச்சான், கோல்ட். பவுன்."

"பவுன்ல பிளக் இருக்கா?"

"உன்ட காருக்கு இல்லாம ஆருக்கு? நான் கொண்டாறன், நீ கிட."

அந்த வெயிலில் மோட்டார் சைக்கிளில் புத்தளம் போய், கடை கடையாக ஏறி இறங்கி, கோல்ட் பிளக் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நுனிக் கம்பி தங்க நிறம். புதுப்பெண்ணின் தோடு மாதிரி மின்னியது. நாங்கள் எல்லாரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கார் புறப்பட்டது. நான் கலியாண வீட்டுச் சாரியை உடுத்து, முக்காட்டைச் சரிசெய்து, பின் கதவைத் திறந்து ஏறிவிட்டேன். பாஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், "அம்மாவுமா?"

"என்ட மகன் ஓட்டுற கார். நான் ஏறாம ஆர் ஏறுற?"

நுரைச்சோலை தாண்டியதும் பாதை நேரானது. நிஸ்தார் மிதித்தான். டர்போ விசிலடித்தது. என் முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. பாஸ் தலையை ஆட்டினார், அது நல்ல ஆட்டல். எனக்கு அந்த ஆட்டலில் நீர்கொழும்பே தெரிந்தது. அந்த நேரம்தான், தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கினது போல ஒரு சத்தம். பிறகு ஓர் அடி. புகை.

பாதையோரம் நின்றோம். சூடு ஆறும்வரை காத்திருந்து, பாஸ் ஒரு பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்தார். தங்க நுனி உருகிப் போயிருந்தது.

"இது என்ன?"

"நீங்க சொன்ன கோல்ட் பிளக் பாஸ்."

பாஸ் அவனையே பார்த்தார். அவனைத் தம்பி என்று தன் பாஷையில் கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"கோல்ட் நெவெய் மல்லி. கோல்ட். சீதல."

தங்கமில்லை, குளிர் என்றிருக்கிறார் மனுசன். இங்கிலீஸ்காரன் வாயில் தங்கம் வேறாகவும் குளிர் வேறாகவும் வருமாம். எங்கள் வாயில் இரண்டும் கோல்ட்தான். எழுதினாலும் அப்படித்தான், இந்தா நானே எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

பாஸ் மணலில் கீறிக் காட்டினார். சூட்டுப் பிளக்குக்கு நீள மூக்கு. அடுத்த வீட்டுக் கதைக்கு நீட்டுகிறவள் மாதிரி நெருப்புக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், சூட்டைத் தன்னிடமே வைத்திருக்கும். குளிர்ப் பிளக் கட்டை மூக்கு. வாங்கிய சூட்டை உடனே எஞ்சினின் உடம்புக்குக் கொடுத்துவிடும். பூஸ்ட் கூட்டினால் கட்டை மூக்குத்தான் வேண்டும். நாங்கள் போட்டது தங்க நுனி வைத்த நீள மூக்கு. அது பழுத்துப்போய், பொறி விழ முன்னமே நெருப்பு மூட்டி, பிஸ்டனில் ஓட்டை போட்டுவிட்டது. பலாப்பழம் சூடு, வெள்ளரிக்காய் குளிர் என்று பார்த்துப் பார்த்து ஆக்குகிறவள் நான். சீதளப் பிளக் என்று எவராவது சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

பாஸ் கோபிக்கவில்லை. "செஞ்சு எடுத்துக்கொண்டு வா," என்றார். செய்வதற்குள் விசா முடிந்துவிடும். பிறகு அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது பலீல் படலையில் நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. "மச்சான், என்ட காதில என்ன விழுந்திச்சோ அதத்தான் சொன்னன்."

நிஸ்தார் நின்றான். "ஓம். நீ பவுனத்தான் கேப்பாய்," என்றான்.

காதால் கேட்பதைத்தான் சொன்னானோ, அல்லாவுக்குத்தான் தெரியும். ஆனால் என் மகளின் கலியாணத்துக்குப் பலீலின் உம்மா பவுன் கேட்டது ஊருக்கே தெரிந்த கதை. குசினி வாசலில் நின்ற என் மகளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

அடுத்த மாதம் நிஸ்தார் போய்விட்டான். எனக்குச் சலாம் சொன்னான், தாத்தா என்று அவன் கூப்பிடுகிற என் மகளுக்குச் சொன்னான், பலீலுக்குச் சொல்லவில்லை. கார் வளவில் நின்றது. உப்புக்காற்று அதைக் கதவு கதவாகத் தின்றது. கடைசியில் பழைய இரும்புக்காரன் ஏற்றிக்கொண்டு போனான். நிஸ்தார் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். பலீல் அந்த நாட்களில் வண்ணாத்திவில்லுவில் தோட்ட வேலை இருக்கிறது என்று போய்விடுவார். தோட்டத்தில் ஒரு வேலையும் இருக்காது. நான் இருவருக்கும் சொல்லாத சொல் இல்லை, அழாத அழுகை இல்லை. சுவரோடு கதைத்தது மாதிரி.

போன வருசம் பலீலுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, "மாமி, மச்சான் கோல் எடுத்தானா?" என்று கேட்டார். நான் போர்வையை இழுத்துவிட்டேன். மறுநாள் மவுத்தானார்.

ஜனாஸா அடக்கி இரண்டு கிழமைக்குப் பிறகு நிஸ்தார் வந்தான். பலீலின் கபுறடிக்குப் போய்விட்டு வந்து கதிரையில் இருந்தான். வேலையைப் பற்றிக் கேட்டேன். கம்பனி பஸ் ஓட்டுகிறானாம். "பொனட்டத் தொடக் கூடாது உம்மா. சத்தம் கேட்டா போன் பண்ணணும். அவங்க வந்து இழுத்துக்கொண்டு போவாங்க. திறந்தா வேலை போயிடும்."

சோறு போட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தான். கழுவ ஒன்றுமே இருக்கவில்லை. சின்ன வயதிலிருந்து எந்தச் சவுக்காரத்துக்கும் போகாமல் நகக்கண்ணில் கிடந்த எஞ்சின் கறுப்பு, ஒரு பொட்டுக்கூட இல்லை. டாக்டருடைய கை மாதிரி இருந்தது. அந்தக் கை பீங்கானில் சோற்றைப் பிசைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியிடம் கேட்கிற மாதிரி, "இன்னும் கொஞ்சம் கறி வைக்கட்டா?" என்று கேட்டேன்.