உமாவைக் கூப்பிட்ட சைலன்சர்

“…அடுப்புல கிடந்த ரொட்டிய அப்படியே போட்டுட்டு ஓடி வர்றேன், கூப்பிட்டுட்டு இப்ப இல்லங்குறீங்களே” என்று மாவுக் கையோடு வாசலில் நின்றாள் உமா, என் மனைவி. நான் அப்போதுதான் காரை நிறுத்திச் சாவியை உருவிக்கொண்டிருந்தேன். சத்தியமாக நான் கூப்பிடவில்லை. அதைச் சொன்னதும், “ரெண்டு தரம் கூப்பிட்டீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ரொட்டி தீய்ந்த வாசம் வாசல்வரை வந்தது.

இதைச் சொல்கிற நான் பேய், காத்துக் கருப்பு எதையும் நம்புகிறவன் இல்லை. வாடகைக்கு ஹயர் ஓட்டுகிறவனுக்கு அதெல்லாம் கட்டாது. எந்த நேரத்திலும் எந்த வளைவிலும் ஆளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி வரவேண்டும், அதையெல்லாம் நம்பிக்கொண்டிருந்தால் தொழிலை விட வேண்டியதுதான். கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசுவேன், அது வேறு கணக்கு. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் வீடு பதுளைப் பக்கம், தெமோதரைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே ஏறும் ஒடுங்கிய ரோட்டோரம். என் கார் பழசு. கொஞ்ச காலமாக ஏற்றத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது, ஆள் ஏற்றினால் இன்னும் மோசம். ஹாலிஎலயில் கராஜ் வைத்திருக்கும் செல்வம் என் கூட்டாளி. அவன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, புகையைச் சுத்தம் பண்ணுகிற கன்வேர்ட்டர் அடைத்துப் போச்சு, மூக்கை மூடிக்கொண்டு மலையேறுகிற மனிதன் மாதிரி உன் கார் கிடந்து தவிக்குது என்றான். அவன் பேச்சே அப்படித்தான், அவன் சொன்னால் இரும்புக்கும் இரக்கம் காட்டத் தோன்றும். புது கன்வேர்ட்டர் வாங்க வசதி இல்லை. அதை வெட்டி எடுத்துவிட்டு நேர்ப் பைப் ஒன்றை வைத்து, வாய் அகலமான சைலன்சர் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தான். கார் குதிரை மாதிரி ஏறியது. சத்தம்தான் கொஞ்சம் கூடிப்போச்சு.

எங்கள் வீட்டுக்கு முன்னால் அடுத்தடுத்து இரண்டு வளைவு. இரண்டாம் கியரில் வளைவை இழுக்கும்போது அந்தப் பைப் ‘உம்ம்ம்’ என்று முனகும், திருப்பி முடித்துக் காலை எடுத்தால் ‘மா’ என்று அடங்கும். இரண்டு வளைவு, அதனால் இரண்டு தரம். உமா கேட்டது இதைத்தான் என்று கண்டுபிடித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. செல்வத்திடம் சொன்னேன். கட்டின நாளிலிருந்து நீ ஒரு தரமாவது அவளை இவ்வளவு பாசமாகக் கூப்பிட்டிருப்பாயா என்று கேட்டான்.

சிரிக்காதது பக்கத்து வீட்டு சரோஜா மட்டும்தான். உமாவோடு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். “மலையில பனி மூட்டத்துக்குள்ள யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டா மூணாந் தரம் வரைக்கும் நாங்க வாயத் தொறக்க மாட்டோம்ணே. மனுசன்னா மூணு தரம் கூப்பிடுவான். மத்ததுக்கு ரெண்டுதான் முடியும். இவ என்னடான்னா மொதத் தரத்துக்கே என்னாங்கன்னு ஓடுறா” என்றாள். அப்படியென்றால் என் காருக்காக மூன்றாவதாக ஒரு வளைவு வெட்டித் தரச் சொல்லித் தோட்டத் துரையிடம் கேளு என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் கார் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்தது. புகைச் சோதனைப் பத்திரம் இல்லாமல் லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் இல்லாமல் ஹயர் இல்லை. பதுளைக்குக் கொண்டுபோனேன். சோதிக்கிறவர் பைப்புக்குள் குழாயைச் செருகி, முதலில் சும்மா ஓடவிட்டுப் பார்த்தார், பிறகு அக்ஸிலேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொன்னார். மூடின ஷெட்டுக்குள் அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதியது. அவர் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. புகை அளவுக்கு மேலே இருக்கிறது, கன்வேர்ட்டர் இல்லாமல் இந்தக் கார் பாஸாகாது, சத்தத்துக்கும் பொலிஸில் மாட்டுவீர்கள், ஒழுங்காக மாட்டிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

காரை அப்படியே செல்வத்திடம் விட்டேன். பாவித்த கன்வேர்ட்டர் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்திருந்தான், பழைய சைலன்சரையும் எடுத்து வைத்திருந்தான். என் கண் முன்னாலேயே அந்தப் பைப்பை அறுத்து இரும்புக் குப்பையில் போட்டான். நான் பஸ்ஸில் ஊருக்கு வந்து, மழையில் நடந்து ஏறினேன். முதல் வளைவில் உமா நின்றுகொண்டிருந்தாள். குடை இல்லை. ரோட்டு விளிம்பில், பள்ளத்தின் பக்கமாக, இன்னும் ஓரடி வைத்தால் கீழே தேயிலைதான்.

இங்கே என்ன பண்ணுறாய் என்றேன். “கூப்பிட்டீங்களே” என்றாள்.

கார் ஹாலிஎலயில் ஜாக்கியில் நிற்கிறது. பைப் குப்பையில் கிடக்கிறது. எத்தனை தரம் என்று கேட்டேன், ரெண்டு தரம் என்றாள், நீ என்ன செய்தாய் என்றேன். “வர்றேன்னு சொன்னேன்.” அவள் கையைப் பிடித்தேன், ஐஸ். நம்புங்கள் நம்பாமல் போங்கள், அடுத்த தரம் நான் வர நேரமானால் இவள் அந்த விளிம்பைத் தாண்டிவிடுவாள் என்று பட்டது.

அதனால் மறுநாள் அவளை வீட்டில் விடவில்லை. கூடவே கூட்டிக்கொண்டு போனேன். செல்வம் வேலையைச் சுத்தமாக முடித்திருந்தான், கார் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது, சோதனையில் ஒரே தரத்தில் பாஸ். பதுளை டவுனில் ரோல்ஸும் டீயும் சாப்பிட்டோம். உமா நன்றாகப் பேசினாள், சிரித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பின்னேரம் திரும்பி ஏறும்போது மூட்டம் இறங்கிவிட்டது. முதல் வளைவைத் தாண்டினால் முன்னால் மண் சரிந்து ரோட்டை மூடிக் கிடக்கிறது. பின்வாங்கலாம் என்று பார்த்தேன், அதற்குள் கொழுந்து லொறி ஒன்று ஒட்டி வந்து நின்றது. அதன் பின்னால் இன்னும் ஏதோ. உமா பக்கத்துக் கதவு மண் மேட்டோடு உரசி நின்றது, என் பக்கம் திறந்தால் பள்ளம். முன்னால் மண், பின்னால் லொறி. எஞ்சினை நிறுத்தினேன். கண்ணாடி முழுக்க வெள்ளை. எங்களை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து மூடியது போல இருந்தது.

அப்போது கேட்டது. மேலே, தேயிலைக்குள்ளிருந்து. ‘உம்ம்ம்…மா.’

என் காரின் பழைய சத்தம். எஞ்சின் நிற்கிறது, சாவி என் கையில். உமா வாயைத் திறந்தாள், நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். இரண்டாவது தரமும் கேட்டது, இன்னும் கிட்டத்தில், சரிந்த மண்ணுக்கு மேலேயே. பிறகு ஒன்றும் இல்லை. மூன்றாவது வரட்டும், வந்தால் மனிதன்தான், எவனோ விளையாடுகிறான் என்று காத்திருந்தேன். வாழ்நாளில் நான் எதற்காகவும் அப்படி ஏங்கியதில்லை. வரவே இல்லை.

பின்னாலிருந்து லொறி டிரைவர் தலையை நீட்டிக் கத்தினான். தோட்டத்துக்குப் புதிதாக வந்தவன், எங்களைத் தெரியாது. “அண்ணே, உமாங்குறது யாருண்ணே? மேல யாரோ கூப்பிடுறாங்க.”

நான் அவனுக்குப் பதில் சொன்னேனா, மேலே இருந்ததற்குச் சொன்னேனா தெரியாது. என்னால் முடிந்த மட்டும் சத்தமாக, “உமான்னு இங்க யாரும் இல்ல” என்றேன்.

என் உள்ளங்கையில் அவள் மூச்சு மட்டும் சுட்டது. பிறகு உமா என் கையை மெதுவாக விலக்கினாள். பிடியைச் சுற்றிக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள், ஈர மண் வாசம் உள்ளே வந்தது. அந்த இடைவெளியில் வாயை வைத்து, மேலே இருந்ததைப் பார்த்து, பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது போல, “உமா” என்றாள். ஒரே ஒரு தரம். காதைச் சாய்த்து வைத்துக் கேட்டாள். அப்புறம் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாய்ந்துகொண்டாள்.

பெக்கோ மெஷின் வந்து மண்ணை அள்ளி வழிவிட இருட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தோம், சமைத்தாள், சாப்பிட்டோம்.

புகை மண்டைக்கு ஏறியிருக்கும் என்று செல்வம் சொல்கிறான். புகை சரியாக இருக்கிறது என்று அன்றைக்குத்தானே பத்திரம் கொடுத்தார்கள்? எஞ்சினும் ஓடவில்லை. அந்த லொறிக்காரன் வேறு வண்டியில் இருந்தான், அவன் மண்டைக்கு எந்தப் புகை ஏறியது?

அதற்குப் பிறகு உமா அந்த வளைவுக்குப் போவதே இல்லை. வேலைக்குப் போகிறாள், சிரிக்கிறாள், சண்டையும் பிடிக்கிறாள். ஆனால் உமா என்று கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் வாசிக்கும்போது சும்மா நிற்கிறாளாம், சரோஜாதான் இடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறதாம். கேட்டால், “வேற யாரையோ கூப்பிடுற மாதிரி இருக்குங்க” என்கிறாள். நானும் ‘இந்தா புள்ள’ என்று பழகிக்கொண்டேன்.

போன வாரம் குளித்துக்கொண்டிருந்தபோது தலை துவட்டத் துவாய்க்காக, மறதியில், உமா என்று கூப்பிட்டுவிட்டேன். சத்தமில்லை. இன்னொரு தரம், இன்னொரு தரம். மூன்றாவதுக்கு அவள் எழும்பி வரும் காலடி கேட்டது. கதவு இடுக்கால் பார்த்தேன். அவள் என் பக்கம் வரவில்லை. முன் கதவை முழுக்கத் திறந்தாள், “ஒன்னத்தான் கூப்பிடுறாரு” என்று வெளியே பார்த்துச் சொன்னாள், சுவரோடு ஒதுங்கி வழிவிட்டு, ஒரு ஆள் உள்ளே வருகிற நேரம் வரை நின்றாள், பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.