மலையிலிருந்து வந்த மந்திரி

போன கிழமை லண்டன் கோலியர்ஸ் வுட் ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண்பிள்ளை துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கையில் திணித்தாள். எதற்கு எதிரானது என்று பார்க்குமுன்பே மை மணத்தது. அந்த மணத்தோடு பிரேமும் நினைவில் வந்துவிட்டான்.

எண்பதுகளில் ஸ்ட்ரெதத்தில் ஓர் உணவகத்தில் நான் கோப்பை கழுவினேன், அவன் வெங்காயம் உரித்தான். இமயமலைப் பக்கத்து மாநிலமொன்றிலிருந்து சட்டம் படிக்க வந்தவன். எங்கள் ஆட்களோடு குசினியில் சமைத்துச் சமைத்தே யாழ்ப்பாணத் தமிழைப் பிடித்துக்கொண்டான். என் ஆங்கிலத்தைவிட அவனது தமிழ் திறம் என்றால் சிரிப்பீர்கள்.

அவனுடைய ஊரை மூழ்கடித்து அணை கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஞாயிறுகளில் இருவருமாக ரோனியோ மெஷினில் மை பூசி அணைக்கு எதிராக நோட்டீஸ் உருட்டுவோம்.

"உன்ர ஊரைச் சண்டை கொண்டுபோட்டுது மச்சான். என்ர ஊரைத் தண்ணி கொண்டுபோக விடமாட்டன்," என்றான் ஒருநாள். எனக்குக் கண் கலங்கியது. மை பட்டுவிட்டதென்று பொய் சொன்னேன்.

திரும்பிப்போய், அணைக்கு எதிராகப் பேசியே தேர்தலில் வென்றான். நானே வென்றமாதிரிக் குசினி முழுவதற்கும் கேசரி கிண்டிக் கொடுத்தேன். தொண்ணூறுகளில் ஆளும் கட்சிக்கு மாறி மந்திரியானான். "உள்ளுக்குப் போனால்தான் தடுக்க ஏலும்," என்று மனைவியோடு அவனுக்காக வாதாடினேன்.

பிறகு அவன் தாயிடமிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. ஊர் வாத்தியார் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது. இடிக்கவென்று வீட்டுச் சுவரில் சிவப்பு அடையாளம் போட்டுவிட்டார்கள், மகன் இந்தப் பக்கமே வருவதில்லை, நீ சொன்னால் கேட்பான்.

அந்த மாரியில், அணை கட்டக் கம்பனி தேடி மந்திரி லண்டன் வந்தான். கிங்ஸ்பரி மண்டபமொன்றில் வரவேற்பு. வரிசையில் நின்று கடிதத்தை நீட்டினேன். என்னைக் கட்டிப்பிடித்தான். கடிதத்தைப் பிரிக்காமலே செயலாளரிடம் கொடுத்தான்.

"அம்மா எழுதினது, வாசியடா."

"அம்மாவுக்குப் புது வீடு கட்டிக் குடுப்பன் மச்சான்."

"மற்றச் சனம்?"

அவன் சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னான்: "இவனுக்கு ஊரில்லை. அதனால் மற்றவர்களுடைய ஊரையெல்லாம் காப்பாற்றப் பார்க்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்தேன். அவனை மன்னித்தாலும், என்னுடைய அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தாய்க்கு மறுமொழி எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். மூன்று மாரி கழித்து ஒருவழியாக எழுதிப் போட்டேன். கடிதம் திரும்பி வந்தது. அப்படியோர் ஊர் இல்லை என்று உறையில் முத்திரை குத்தியிருந்தார்கள்.