மழை பெய்தால் வாழை தழைக்கும்

பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்துப் பூசிய "பத்து" காய்ந்து இறுகும்போது வரும் கசப்பு மணத்தை நினைத்தால், இப்போதும் என் வலது முழங்கை கொஞ்சம் விறைக்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வளவிலிருந்த கொய்யா மரத்திலிருந்து விழுந்தபோது எனக்கு ஆறு வயது. முறிவு வைத்தியர் எலும்பைப் பொருத்திவிட்டார். ஆனால் கட்டை அவிழ்த்த பிறகு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. அந்தக் கையால் வாளியைத் தூக்க முடிந்தது. பென்சிலைப் பிடித்தால் நழுவி விழுந்தது.

இடக்கையால் எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் அது நடவாத காரியம். ஐயா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா, தபாற் "கந்தோரில்" வேலை பார்த்தவர். கோயில் திருவிழா அறிவித்தல் எழுதுவதென்றால் ஊரார் அவரைத்தான் தேடி வருவார்கள், அவ்வளவு அழகான கையெழுத்து. "படிப்பெண்டது சரஸ்வதி. இடக்கையாலை தொடக்கூடாது. கை சுகமாகட்டும், பொறுப்பம்" என்பார். பொறுத்துப் பொறுத்தே நான் மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டேன்.

அம்மா வீட்டின் முன்னறையில் ரைப்பிங் என்ற தட்டச்சு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தா. போரால் ஊரில் மின்சாரம் அடியோடு நின்றுபோன காலம் அது. ஆனால் ரைப்ரைட்டருக்கு மின்சாரம் எதற்கு? புது ரிப்பன் வராததால், பழைய ரிப்பனுக்கே முத்திரை மையும் ஒரு துளி தேங்காயெண்ணெயும் தடவி அம்மா உயிர் கொடுத்துக்கொண்டிருந்தா. பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து தட்டிவிட்டுப் போன பிறகு, நான் ஸ்ரூலில் ஏறியிருந்து இடக்கையின் ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடத் தொடங்கினேன். முதலில் என் பெயர், பிறகு நாய்க்குட்டியின் பெயர், பிறகு கடைப் பலகைகளில் பார்த்த சொற்கள் எல்லாம். தாளில் விழும் ஒவ்வொரு எழுத்தையும் குனிந்து பார்ப்பேன். எங்கே வளைகிறது, எங்கே கீழிறங்குகிறது என்று.

ஐயா அதைத் தடுக்கவில்லை, பொருட்படுத்தவுமில்லை. "அது மெசின் வேலை. கையாலை எழுதினால்தான் எழுத்து மனசிலை நிக்கும்" என்றார்.

"அவளுக்கு எழுத்து மனசிலை நிண்டிட்டுது. கைதான் பிந்தி வருது" என்றா அம்மா.

வீட்டுப்பாடங்களைத் தட்டியே கொண்டுபோனேன். வகுப்பாசிரியை நம்பவில்லை. "உது தாய் தட்டிக் குடுக்கிறது. பிள்ளைக்கு எழுதத் தெரியாது" என்று பள்ளிக்கூட அதிபரிடம் சொல்லிவிட்டா. "பெரிய ரீச்சர்" என்று நாங்கள் அழைத்த அதிபர், ஐயாவையும் அம்மாவையும் கூப்பிட்டா. எல்லோர் முன்னிலையிலும் நான் சொல்வதெழுதுதல் செய்துகாட்ட வேண்டும், மெசினிலேயே செய்யலாம். செய்யாவிட்டால் அடுத்த பள்ளித் தவணையில் முதலாம் வகுப்புச் சின்னப் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். என் தோழி வனிதாவை விட்டுப்போய் அந்தக் குட்டி வாங்குப் பலகையில் முழங்கால் இடிக்க இருப்பதை நினைத்து, அன்று நான் சோறு தின்னவில்லை.

குறித்த நாளில் ஐயாவே கந்தோருக்கு விடுப்புப் போட்டுவிட்டு, மெசினைச் சைக்கிள் கரியரில் பழைய ரியூப்பால் இறுக்கிக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். குண்டும் குழியுமான ஒழுங்கையில் அது குலுங்கும்போதெல்லாம் அம்மா பின்னால் இருந்து தாங்கிப் பிடித்தா.

மண்டபத்தில் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பெரிய ரீச்சர் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். முதல் வசனங்கள் சரியாகத்தான் போயின. பிறகு, "மழை பெய்தால் வாழை தழைக்கும்" என்றா. ழகரத்தைத் தட்டினேன். அச்சுக்கம்பி எழும்பி விழுந்தது, தாளில் ஒன்றுமில்லை. மறுபடி தட்டினேன். ஒன்றுமில்லை. வந்த வழியில் குலுங்கிய குலுக்கில் அந்த அச்சு கழன்று விழுந்திருக்க வேண்டும். பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மா முன்னால் வர எத்தனித்தா. பெரிய ரீச்சர் கை காட்டி நிறுத்திவிட்டா.

ஆனாலும் ழகரம் வரவேண்டிய இடங்களை வெறுமையாக விட்டுவிட்டு மற்ற எழுத்துகளைத் தட்டி முடித்தேன். தாளை உருவியெடுத்து மேசையில் வைத்தேன். பிறகு வனிதாவின் பென்சிலை வாங்கி, யன்னலோரம் நின்ற ஐயாவைப் பாராமல், இடக்கையால் ஒரு ழகரம் எழுதினேன். என் விரலுக்கு அந்த எழுத்து தெரிந்திருந்தது. தினமும் குனிந்து பார்த்த வளைவல்லவா? கொஞ்சம் சரிந்து நின்றதே தவிர, அது ழகரந்தான். மற்ற இரண்டையும் எழுதினேன்.

பெரிய ரீச்சர் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தா. "ஒரு பிழையுமில்லை" என்று வகுப்பாசிரியையிடம் நீட்டினா. அவ வாசித்துவிட்டு, "ஓம், இது பிள்ளையின்ரைதான்" என்றா. கை முதலில் தட்டியவள் வனிதா. பிறகு மண்டபமே தட்டியது.

தாள் கடைசியாக ஐயாவிடம் போனது. அவர் நெடுநேரம் அந்த மூன்று எழுத்துகளையே பார்த்தார். நான் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சுழி நல்லாய் வந்திருக்கு" என்றார்.

அன்று பின்னேரம் தாமே ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து என் இடக்கையில் வைத்தார். அந்த வருடம் முடியுமுன் நான் முழுப் பக்கமும் கையால் எழுதினேன். வகுப்பிலும் ஒரு மாற்றம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் அம்மாவின் மெசின் ஒன்று பள்ளிக்கூடம் வரத் தொடங்கியது. எழுதப் பிடிக்காத பிள்ளைகள்கூடத் தள்ளுமுள்ளுப்பட்டு வரிசையில் நின்றார்கள். தங்கள் பெயரைத் தட்டிப் பார்த்த பலர் வீட்டுக்குப் போய் அதையே கையால் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது முன்னறையில் சுவர்கள் மட்டுந்தான் நின்றன. மெசின் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ரைப்பிங் வகுப்பென்ற பெயர்ப்பலகைகளும் இப்போது எந்தத் தெருவிலும் இல்லை. ஐயாவும் பெரிய ரீச்சரும் இல்லை.

போன மாதம் என் மகனின் பாடசாலையில் பெற்றார் கூட்டம். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் கையெழுத்தா, கணினியா என்று பெரிய வாக்குவாதம். என் கதை தெரிந்த இரண்டு பக்கத்தாரும் என்னைக் கேட்டார்கள். "பிள்ளைக்கு எது ஏலுமோ அதிலை தொடங்கட்டும். மற்றது தானாய் வரும்" என்று சொன்னேன். கூட்டம் கலைந்த பிறகு ஓர் இளம் தாய் மெல்ல என்னிடம் வந்தா. தன் மகளுக்குக் கை நடுங்குகிறதென்றும், அதனால் பிள்ளையைக் கீழ் வகுப்புக்கு மாற்றப் போகிறார்களென்றும் சொன்னா.

"வாங்கோ, அதிபர் இன்னும் போகேல்லை. இப்பவே கதைப்பம்" என்று அவவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.