குதிரைப் படம் ஓடிய வெள்ளிக்கிழமை

தோஹா தொழில்பேட்டையில் எங்கள் தொழிலாளர் கேம்ப் இருந்த நிலத்தில் கிடங்கு கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆட்களை ஒன்றரை மணி நேரத் தொலைவில், பாலைவனத்துக்குள் இருந்த புதுக் கேம்புக்கு மாற்ற வேண்டும். 'சொந்த விருப்பத்தின் பேரில் செல்கிறேன்' என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குவது நிர்வாக அதிகாரியான என் வேலை. படிவத்தை எழுதியவனும் நான்தான்.

மெஸ் ஹாலில் ஒரு படம் போட்டு, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது வாங்கிவிடலாம் என்று திட்டமிட்டேன். பழைய ஆங்கிலக் குதிரைப் படம் ஒன்று கிடைத்தது. முத்தம் கிடையாது, மதம் கிடையாது, யாரும் ஆட்சேபிக்க முடியாது. கதை என்னவென்று மட்டும் நான் பார்த்துக்கொள்ளவில்லை.

படத்தில், சூ இனச் செவ்விந்தியர்களின் நிலத்துக்குள் வெள்ளைக்காரக் குடும்பங்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கின. பின்னால் பட்டாளம். ஒரு அதிகாரி காகிதத்தை நீட்ட, செவ்விந்தியர்களின் கிழத் தலைவர் கையெழுத்துக்குப் பதில் கோடு ஒன்றைக் கிழித்தார்.

"போட்டுட்டாரா பெரியவரு? கலாஸ். இனி பொட்டி கட்ட வேண்டியதுதான்" என்றார் சமையல்காரர். ஹாலே சிரித்தது.

இடைவேளை விட்டுப் படிவங்களைக் கொடுத்தேன். சாரம் கட்டுகிறவன் ஒருவன் பேனாவை வாங்கிக்கொண்டும் கையெழுத்துப் போடவில்லை. அவன் தம்பி மூளைக் காய்ச்சலில் ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். டூட்டி முடிந்ததும் அண்ணன் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வருவான். புதுக் கேம்பிலிருந்து நகருக்குள் பஸ் வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

"சார், அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சு?"

"எதுல?"

"படத்துல, அந்தப் பெரியவரு கோடு போட்டாரே."

"அதக் காட்டலையேப்பா."

"அப்ப இதையாச்சும் வாசிச்சுக் காட்டுங்க சார்."

"வாசிங்க சார், வெள்ளிக்கிழம லீவுதானே, டூட்டி பஸ்ஸா தப்பப்போவுது?" என்றார் சமையல்காரர்.

வாசித்தேன். ஐந்தாவது பத்தி: நெருங்கிய உறவினர் உள்நோயாளியாக இருந்தால், மருத்துவர் சான்றின் பேரில் ஊழியரை நகரிலேயே தங்கவைக்கலாம். தணிக்கைக்காரர்கள் விதிவிலக்கு இருந்தால் மகிழ்வார்கள் என்பதற்காக நான் சேர்த்த வரி அது. ஒருவரும் அதைப் படிக்கப்போவதில்லை என்பதும் என் கணக்கில் இருந்தது. தினமும் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

"அஞ்சாவத இன்னொரு தடவை வாசிங்க சார்" என்றான் அண்ணன்.

மறுபடி வாசித்தேன். பேனாவை மூடி என் கையில் கொடுத்தான். மறுநாள் மருத்துவர் கடிதத்தோடு வந்து நின்றான். "இந்தப் பத்திய எவன் சேர்த்தது?" என்று மேலாளர் கத்தினார். அடியில் என் சுருக்கொப்பம் இருந்தது.

மற்ற எல்லோரும் அந்த வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், சமையல்காரரும்தான். படத்தின் மீதியை யாரும் கேட்கவில்லை, நானும் போடவில்லை.

அண்ணனுக்கு நகரில் கம்பெனி ஸ்டோருக்குப் பின்னால் ஒரு கட்டில் கிடைத்தது. தம்பி கண் திறந்தான், பேச்சு வரவில்லை. ஸ்ட்ரெச்சரில் ஊருக்கு அனுப்புவது என்று முடிவானது. கூடப் போக அண்ணனுக்கு லீவு, தம்பிக்கு விசா ரத்து, விமானத்துக்கு மருத்துவத் தகுதிச் சான்று என்று பதினொரு படிவங்கள். அத்தனையும் எனக்கு மனப்பாடம்.

ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டச் சொன்னான். வாசித்தேன்.