திருத்த வந்தவரின் முழங்கால்

அக்காவின் பேத்தியுடைய கணினி, விளையாட்டின் நடுவில் நின்றுபோய்க்கொண்டிருந்தது. அவள் ட்ரைவர் என்ற மென்பொருளை மூன்று முறை மாற்றினாள். பழைய ட்ரைவரைத் தேடிப் போட்டும் பயனில்லை. திரை நீலமாகி அணைந்தது. வயரில் நெருப்புப் பிடித்துவிடுமோ என்று எனக்கு நித்திரை போயிற்று.

"ட்ரைவர விடு புள்ள. நிக்கிறதுக்கு முதல் நீ என்ன செஞ்சாய் எண்டு எண்ணிப் பார்" என்றேன்.

சிரித்துக்கொண்டே எண்ணினாள். ஆறு முறை நின்றதில் ஐந்து முறை, மேசைக்குக் கீழே இருந்த கணினிப் பெட்டியைக் காலால் இடித்திருக்கிறாள். பெட்டியைத் திறந்து, உள்ளே தளர்ந்திருந்த நினைவக அட்டையை அழுத்திச் செருகியதும் எல்லாம் சரியாயிற்று.

"தாத்தா, இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும்.

அந்த வயதில்தான், கப்பலில் வேலைசெய்த மாமா, அம்மாவின் தம்பி, விடுமுறையில் எங்கள் ஊரான ஆரையம்பதிக்கு ஒரு கணினியைக் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் தொலைக்காட்சி இருந்த வீடுகள் நான்கு. கணினி இருந்த வீடு எங்களுடையது ஒன்றே. பாடப்புத்தகம் அளவில் கறுப்பாக ஒன்று. அதன் முதுகில் சிகரெட் பெட்டியளவில் ஒரு நினைவகப் பெட்டியைச் செருக வேண்டும். விளையாட்டு ஒரு கசெட்டில் இருந்தது. அதை ஓடவிட்டால் ஆறு நிமிடம் கீச்சிட்டுவிட்டு, தொலைக்காட்சியில் ஒரு சின்ன விமானம் தோன்றும். விமானம் நடுவானில் உறைந்துவிட்டால் மறுபடியும் ஆறு நிமிடம் காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாளே அது உறையத் தொடங்கியது. மாமா பிளக்கை மாற்றினார். கசெட் ரெக்கோடரைப் பஞ்சால் துடைத்தார். சூடாக இருக்கும் என்று விசிறியை அதன் பக்கம் திருப்பிவைக்க, நாங்கள் வியர்த்தோம். கடைசியில் பழுகாமத்தில் ரேடியோ திருத்தும் தன் கூட்டாளியை அழைத்தார். அவர் வாவியைக் கடந்து மாலைதோறும் வந்தார். மேசைக்கு முன்னால் கதிரையில் அமர்ந்து வயர்களைப் பார்ப்பார். அக்கா கொண்டுவரும் தேத்தண்ணியைக் குடிப்பார். "நாளைக்கும் வந்துதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

தொலைக்காட்சி பார்க்க வரும் அடுத்த வீட்டு மாமிதான் முதலில் அதை அம்மாவிடம் சொன்னார்.

"கவனிச்சியா கா? உன்ட மகள் வரக்குள்ளதான் மிசின் நிக்குது."

அதன்பிறகு எல்லோரும் கவனித்தார்கள். உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது. அக்கா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் தோன்றுவாள். விமானம் நடுவானில் உறைந்துவிடும். ஒரு கிழமைக்குள் பேச்சு எங்கள் கிணற்றடியிலிருந்து அடுத்த தெருவரை போயிற்று. "கால் வெச்சா மிசினே நிக்குதாம். இவள் போற வீடு என்னத்துக்கு ஆகும்?" அம்மா களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். அப்பா, "இனி நீ அந்த அறைக்குள்ள போகாத புள்ள" என்றார். அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை.

எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவள் அக்கா. அவளை ராசியில்லாதவள் என்று சொன்னது என்னால் தாங்கக்கூடியதாக இருக்கவில்லை. கணக்கு வழியாகவே அவளை மீட்பது என்று முடிவுசெய்தேன்.

கணக்கோ முதலில் எனக்கு எதிராகவே நின்றது. அம்மா தேத்தண்ணி கொண்டுவந்த மூன்று நாட்களும் கணினி ஒருமுறைகூட நிற்கவில்லை. திருத்துவதற்கு ஒன்றுமே இல்லாத அந்த மூன்று நாட்களும் மாமாவின் கூட்டாளி தவறாமல் வந்தார். வந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில்லாத கவலை என்று நினைத்தேன்.

"பாத்தியா, அவள் வராட்டி ஓடுது" என்றார் அடுத்த வீட்டு மாமி.

நான்காம் நாள் மாமாவிடம் கெஞ்சினேன். "ஒரே ஒருக்கா அக்கா வரட்டும் மாமா. நான் மேசைக்குக் கீழ படுத்து வயரப் பாக்கிறன்."

படுத்தேன். அக்கா தட்டோடு வந்த சத்தம் கேட்டது. என் கண்ணுக்கு நேரே இருந்த ஒரு முழங்கால் துள்ளி எழும்பி, மேசையின் அடிப்பலகையில் டொக்கென்று இடித்தது. மேலே விமானம் நின்றது.

வெளியே வந்து கணினியின் முதுகைப் பார்த்தேன். நினைவகப் பெட்டி ஆடும் பல்லைப்போல நின்றது. மறுபடியும் விளையாட்டை ஏற்றச் சொல்லி, ஆறு நிமிடமும் பொறுத்திருந்து, அந்தப் பெட்டியை விரலால் மெல்லத் தொட்டேன். விமானம் நின்றது. இன்னொரு முறையும் தொட்டு உறுதிசெய்துகொண்டேன். பழைய சைக்கிள் டியூபில் ஒரு கீற்று வெட்டி, பெட்டியையும் கணினியையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன்.

"அக்கா, இப்ப வா!"

அக்கா வந்தாள். முழங்கால் இடித்தது. தேத்தண்ணி தளும்பியது. விமானம் பறந்தது!

அன்று நான் பேசியதுபோல அதற்குப் பிறகு எந்த மேடையிலும் பேசியதில்லை. அப்பா, அம்மா, மாமா, அடுத்த வீட்டு மாமி எல்லோரும் இருந்தார்கள்.

"அக்காவில ஒரு பிழையும் இல்ல. அக்கா வரக்குள்ள நிண்டது மொத்தம் ஒம்பது தரம். ஒம்பது தரமும் இந்த அண்ணன்ட முழங்கால்தான் இடிச்சிரிக்கணும். அம்மா வரக்குள்ள இவர் மெதுவா ஒழும்புறார். அக்கா வரக்குள்ள மட்டும் துள்ளி ஒழும்புறார். வேணுமெண்டா இன்னொருக்கா அக்காவக் கூப்பிட்டுப் பாருங்க!"

யாரும் கூப்பிடவில்லை. அக்கா தட்டைப் போட்டுவிட்டுக் குசினி அடுப்படிக்குள் ஓடினாள். மாமா தன் கூட்டாளியைப் பார்த்தார். கூட்டாளி தன் முழங்காலைப் பார்த்தார். அடுத்த வீட்டு மாமி செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குக் கிளம்பினார். அதை நான் என் வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன், இன்றும் அப்படித்தான்.

அப்பா கூட்டாளியைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, உங்கட அப்பாவ ஒருக்கா வந்து என்னைச் சந்திக்கச் சொல்லுங்க."

கூட்டாளியின் முகம் வெளிறிப்போயிற்று. "ஓம் ஐயா" என்று எழுந்தவர், மறுபடியும் மேசையில் இடித்துக்கொண்டார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மேசையில் கால் இடித்ததற்காக ஒரு மனிதரின் தகப்பனை வாவிக்கு அப்பாலிருந்து வரவழைத்து முறையிடுவது சற்றுக் கூடிப்போன தண்டனை என்று நினைத்தேன். அவர் போனதும் அப்பாவின் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன்.

"பாவம் அப்பா, இந்த ஒருக்கா விட்டுருங்க. நான்தான் டியூப் கட்டிட்டனே."