இடப்பக்கம் திரும்பாத கால்கள்

"தண்ணி ஒறையாத ஊர்ல பொறந்துட்டு ஐஸ்ல ஹாக்கி ஆடப் போறியா? ஐஸ்ஸ நீ கோன்லதானடி பாத்திருக்க?" என்றாள் அத்தை, மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே. அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாநிலப் பெண்கள் அணிக்கான தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. அதுவரை ஐஸில் நான் கால் வைத்ததே இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இந்த ஆட்டத்தின் விதிகளை ஆங்கிலத்தில் படித்து அம்மாவுக்கு விளக்கியதும் நான்தான். "ஆம்பளைங்க ஆட்டம் மாதிரி இதுல இடிச்சுத் தள்ள முடியாதும்மா. யாரு வேகமா போய் பக்கை எடுக்கிறாங்களோ, ஆட்டம் அவங்க கையில." பக் என்றால் பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு.

"நீ வேகமா போவியா?"

"எல்லாரையும் விட வேகமா போவேன்."

அப்படித்தான் நம்பியிருந்தேன். இரண்டு வருடமாக விடியற்காலையில் சக்கர ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் ஓடியவள். செங்கம் ரோட்டில் டீக்கடைகள் திறப்பதற்குள் ஒரு சுற்று முடித்துவிடுவேன்.

எங்கள் பக்கம் ஐஸ் தளம் இல்லாததால், தேர்வு வடக்கே ஒரு நகரத்தில், கூரை போட்ட ஐஸ் தளத்தில் நடந்தது. முந்தின நாள் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். தார்ச் சாலை காலைப் பிடித்துக்கொள்ளும். ஐஸ் பிடிக்காது. வேகம் கூடக் கூட, என்னை யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவது போல இருந்தது. நேராகப் போய்த் திரும்பி வருவதை மட்டுமே பழகினேன்.

மறுநாள் நேர் ஓட்டத்தில் நான்தான் முதல். அடுத்து, தளத்தில் வரைந்திருந்த வட்டத்தை வலப்பக்கமாகச் சுற்றச் சொன்னார்கள். பயந்துகொண்டேதான் போனேன், ஆனால் கால் தானாக மாறி விழுந்தது. பிறகு பயிற்சியாளர், சென்னைக்காரம்மா, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "இப்ப இடப்பக்கம்."

வலது காலைத் தூக்கி இடது காலுக்கு மேலாகப் போட வேண்டும். தூக்கினேன். அது எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. காலைப் பழையபடியே வைத்து, சின்னப் பிள்ளை போல அடி அடியாக நகர்ந்தேன். தலைக்கவசத்துக்குள் என் மூச்சு மட்டும் கேட்டது. இவ்வளவு தூரம் வந்தவள் இங்கேயே நின்றுபோவேனோ என்ற பயம், விழுவோம் என்ற பயத்தை விடப் பெரிதாக இருந்தது.

"ஏம்மா, வலப்பக்கம் அப்படிப் பறந்த. இதுக்கு என்ன ஆச்சு? எங்க ப்ராக்டிஸ் பண்ண?"

"கிரிவலப் பாதையிலங்க மேடம்."

"எப்பவும் ஒரே பக்கமாவா?"

"மலை வலப்பக்கம்தாங்க இருக்கணும். வேற மாதிரி யாரும் சுத்த மாட்டாங்க."

அவர் சிரித்தார். பக்கத்திலிருந்த பெண்களும் சிரித்தார்கள். பிறகு குரல் மாறியது. "எதிர் டீம்ல ஒருத்தி இத கண்டுபிடிச்சா போதும். உன்ன இடப்பக்கமே தள்ளுவா. பாதி வேகத்த வச்சுகிட்டு இந்த ஆட்டத்துல இடம் கெடைக்காது. ஒரு மாசம் தரேன். மறுபடி வா."

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். பதறிப்போனாள். "அதுக்காக மலைய இடப்பக்கம் வச்சு சுத்திடாதடி. நல்லா இருப்ப."

சுற்றவில்லை. வேங்கிக்காலில், வீடு எழும்பாத புது மனைகளுக்கு நடுவே ஒரு தார்ச் சாலை முட்டி நிற்கிறது. அங்கே சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். முதல் வாரம் முழுக்க வலது கால் தரையை விட்டு எழவே பயந்தது. இரண்டாவது வாரம் எழுந்தது. விழுந்து விழுந்து முழங்கை இரண்டும் சிராய்ந்தன. இப்போது ஒரு வட்டத்தில் நான்கு முறை காலை மாற்றிப் போடுகிறேன். ஒவ்வொரு முறையும் கால் காற்றில் நிற்கும் அந்த ஒரு கணம் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. வேகத்தைக் குறைக்காமல் இருக்கப் பழகுகிறேன்.

இன்று காலை பயிற்சியாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்: வருகிறேன் மேடம், இடப்பக்க வட்டத்தை முதலில் பாருங்கள்.